புதுச் செயின் போட்டும் பெடல் வழுக்குகிறதே!

‘‘மூன்று கறவை மாடுகள் வைத்திருக்கிறேன். காலையிலும் மாலையிலும் சைக்கிள் கேரியரில் இரண்டு கேன் கட்டிக்கொண்டு திருநகர் போய், வீடு வீடாகப் பால் ஊற்றுகிறேன். கண்மாய்க் கரை ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் ‘டக்’கென்று பெடல் வழுக்கி, கால் கீழே போய்விடுகிறது. செயின் தேய்ந்துவிட்டது என்று கடையில் சொன்னார்கள். போன மாதம் புதுச் செயின் போட்டேன். அதன்பிறகு வழுக்குவது குறையவில்லை, கூடிவிட்டது. சென்ற வாரம் கீழே விழுந்து, ஒரு வேளைப் பால் முழுவதும் ரோட்டோடு போனது. முழங்காலிலும் அடி. திரும்பக் கேட்டால், ‘எல்லாத்தையும் செட்டா மாத்தணும்’ என்கிறார்கள். புதுச் செயின் போட்ட பிறகு ஏன் மோசமாக வேண்டும்? உண்மையில் எதை மாற்ற வேண்டும்?’’

- ஒரு வாசகர், நிலையூர், மதுரை மாவட்டம்.

புதுச் செயின் போட்டதும் வழுக்கல் கூடினால், கடைக்காரர் மட்டமான செயினைத் தலையில் கட்டிவிட்டார் என்றுதான் முதலில் தோன்றும். பெரும்பாலும் அப்படியிருக்காது. செயின் நன்றாகவே இருக்கும். அது உட்காரும் பற்கள்தான் பழைய செயினோடு சேர்ந்து தேய்ந்து போயிருக்கும். நிலையூர் வாசகரின் சைக்கிளிலும் அதுதான் நடந்திருக்கிறது. ஆனால், ‘பெடல் வழுக்குகிறது’ என்று ஒரே வார்த்தையில் சொல்லும் கோளாறு நான்கு இடங்களில் வரலாம். நான்குக்கும் வேலை வேறு, செலவும் வேறு. எந்த இடம் என்று பார்க்காமல் சாமான் வாங்கினால், இவருக்கு நடந்ததுபோலப் பணமும் போய், வழுக்கலும் மிஞ்சும்.

கடிதம் வந்த வாரமே அந்தச் சைக்கிள் திருநகரில் உள்ள ஒரு பழைய பட்டறைக்குப் போனது. அங்கிருக்கும் பெரியவர் ஸ்டாண்டு போட்டுப் பெடலைக் கையால் சுற்றினார். ஒரு சத்தமும் இல்லை.

‘‘கடையிலயும் இப்படித்தாண்ணே சுத்திப் பாத்துட்டு, நல்லாத்தான இருக்குன்னாங்க’’ என்றார் பால்காரர்.

‘‘கையால சுத்துனா எல்லாச் சைக்கிளும் நல்ல சைக்கிள்தான்ப்பா. பாரம் ஏறணும். அப்பத்தான் அது வாயத் திறக்கும்’’ என்றார் பெரியவர்.

பாரம் ஏற்றிப் பார்க்க ரோட்டுக்குப் போகத் தேவையில்லை. சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, ஒருவர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு பின் பிரேக்கை இறுக அழுத்த வேண்டும். வலது பெடல் முன்பக்கம் பார்த்துக் கிடைமட்டமாக இருக்கட்டும். செயின் கவர் இருந்தால் கழற்றிவிட்டு, பின்சக்கரத்து ஃப்ரீவீலின் ஒரு பல்லிலும், அதன்மேல் உட்கார்ந்திருக்கும் செயின் கண்ணியிலும் சாக்பீஸால் ஒரு கோடு இழுக்க வேண்டும். அதே நேரில் சக்கரத்தின் நடுக்குடத்திலும் ஒரு கோடு. இப்போது காலால் வலது பெடலை மெல்ல மெல்ல அழுத்திக்கொண்டே போக வேண்டும். இன்னொருவர் தள்ளி நின்று கோடுகளைப் பார்க்க வேண்டும். செயினுக்கும் பல்லுக்கும் பக்கத்தில் யாருடைய விரலும் போகக் கூடாது. பிள்ளைகளை அந்தப் பக்கமே விட வேண்டாம்.

வழுக்கும்போது செயினில் போட்ட கோடு, பல்லில் போட்ட கோட்டை விட்டு முன்னால் தாவிவிட்டால், தேய்ந்தது பல் அல்லது செயின். செயினும் பல்லும் கோடு மாறாமல் ஒட்டியே இருக்க, இரண்டும் சேர்ந்து சக்கரத்துக் கோட்டை விட்டு நகர்ந்தால் கோளாறு ஃப்ரீவீலுக்கு உள்ளே இருக்கிறது. ஃப்ரீவீலுக்குள் வில்லோடு கூடிய சின்ன இரும்பு நாக்குகள் உண்டு. முன்னோக்கி மிதிக்கும்போது அவை உள்பல்லில் மாட்டி, சக்கரத்தை இழுக்கும். மிதிப்பதை நிறுத்தினால் பற்களின் மேல் தாவி ‘கிர்ர்’ என்று சத்தம் கொடுக்கும். தூசியோ, கெட்டியான கிரீஸோ அடைத்து நாக்கு எழும்பாவிட்டால் பெடல் காற்றில் மிதித்ததுபோல் போய்விடும். இதற்கு உடனே புது ஃப்ரீவீல் வாங்க ஓட வேண்டாம். சக்கரத்தைக் கழற்றி, ஃப்ரீவீல் மேலே பார்க்கும்படி படுக்க வைத்து, அதன் விளிம்பு இடுக்கில் மண்ணெண்ணெய் விட்டுச் சுற்றிச் சுற்றி அழுக்கை வெளியேற்றி, பிறகு மெல்லிய மெஷின் ஆயில் விட்டால் பல நேரம் சரியாகிவிடும். அப்படியும் வழுக்கினால் நாக்கோ வில்லோ போய்விட்டது என்று அர்த்தம். அப்போது மாற்றத்தான் வேண்டும்.

கோடுகள் எதுவும் நகராமல், இடது காலை அழுத்தும்போது மட்டும் ‘டொக்’கென்று ஒரு ஆட்டம் தெரிந்தால், கிராங்கை அச்சோடு பிடித்து வைத்திருக்கும் காட்டர் பின் தளர்ந்திருக்கிறது. இதில் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. நட்டை மட்டும் இறுக்குவார்கள். நட்டு, பின்னை உள்ளே இழுக்காது. அது பின் வெளியே வராமல் காக்கத்தான். பின்னைச் சுத்தியலால் தட்டி உட்கார வைத்து, அதன்பிறகு நட்டை இறுக்க வேண்டும். ஆட்டத்தோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் கிராங்கின் துளையும் கெட்டுப்போகும். பின்னோடு போக வேண்டிய செலவு கிராங்க் வரைக்கும் வந்துவிடும்.

நான்காவது, பின்சக்கர நட்டு. பாரத்தோடு அழுத்தி மிதிக்கும்போது செயின் இழுக்கிற இழுப்பில் வலது பக்க அச்சு முன்னால் நகர்ந்துவிடும். டயரின் முன்பாகம் சட்டத்தின் இடது கம்பியில் போய் உரசும். செயின் தொங்கலாகிக் கழன்று விழும். டயர் உரசிய தடம் அந்தக் கம்பியில் தெரிந்தால் காரணம் தேடி வேறெங்கும் போக வேண்டாம்.

நிலையூர் வாசகரின் சைக்கிளில் கோடு போட்டு, பெரியவர் ஏறி ஒரு மிதி மிதித்ததும் செயின் ‘டக்’கென்று ஒரு பல்லைத் தாண்டி உட்கார்ந்தது. ஃப்ரீவீல் பற்களைத் துணியால் துடைத்துக் காட்டினார். புதுப் பல் இரண்டு பக்கமும் ஒரே சரிவாக, உச்சி மழுங்கலாக இருக்கும். இவருடையது ஒரு பக்கம் குடைந்து, கருக்கரிவாள் மூக்குப்போல வளைந்திருந்தது. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவிலுள்ள பள்ளம் அகன்று போயிருந்தது. முன்னால் இருக்கும் பெரிய செயின் வீலில் அவ்வளவு தேய்மானம் இல்லை.

ஏன் பின்பல் மட்டும் முதலில் தேய வேண்டும்? கணக்கு எளிது. செயின் வீலில் 44 பல், ஃப்ரீவீலில் 18 பல் என்று வைத்துக்கொண்டால், பெடல் ஒரு சுற்றுச் சுற்றும்போது ஃப்ரீவீல் ஏறக்குறைய இரண்டரைச் சுற்றுச் சுற்றும். முன்பல் ஒன்று ஒருமுறை பாரம் வாங்கும் நேரத்தில் பின்பல் ஒன்று இரண்டரை முறை வாங்குகிறது. அதனால்தான் ஒரு செயின் வீலின் ஆயுளுக்குள் பலமுறை ஃப்ரீவீல் மாற்ற வேண்டி வருகிறது. ‘செட்டாக மாத்தணும்’ என்று சொல்லும்போது செயின் வீலையும் கிராங்கையும் சேர்த்துச் சொல்கிறார்களா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். செயின் வீல் பற்களைத் துடைத்துக் கண்ணால் பார்க்காமல் அந்தச் செலவுக்குத் தலையாட்டக் கூடாது.

புதுச் செயினில் வழுக்கல் ஏன் கூடியது என்பதற்கு, செயின் எப்படித் தேய்கிறது என்று தெரிய வேண்டும். ‘செயின் நீண்டுவிட்டது’ என்கிறோம். பட்டையான இரும்பு இழுபட்டு நீள்வதில்லை. ஒவ்வொரு மூட்டிலும் ஒரு பின் இருக்கிறது, அதைச் சுற்றி ஒரு புஷ், அதற்கு மேல் ஓர் உருளை. சுவிட்சர்லாந்தில் பிறந்த ஹான்ஸ் ரெனால்டு என்பவர் 1880-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் இந்த அமைப்பைக் கண்டுபிடித்தார். இன்றைக்கும் பள்ளிச் சைக்கிளிலிருந்து பைக், நெல் அறுவடை இயந்திரம் வரைக்கும் ஓடுவது இதே அமைப்புதான். பின்னும் புஷ்ஷும் ஒன்றோடொன்று உரசித் தேயும்போது ஒவ்வொரு மூட்டிலும் மயிரிழை அளவு இடைவெளி கூடும். ஒரு சைக்கிள் செயினில் நூற்றுக்கும் மேல் மூட்டுகள். மயிரிழைகள் எல்லாம் சேர்ந்தால் விரலால் தொட்டுப் பார்க்கிற அளவுக்கு வந்துவிடும்.

மூட்டுக்கு மூட்டு இடைவெளி கூடக் கூட, செயின் பல்லின் அடியில் உட்காராமல் மேலே ஏறி உட்காரும். ஏறி உட்கார்ந்த இடத்தைக் குடையும். பல்லும் செயினின் புது அளவுக்கு ஏற்பத் தேய்ந்து கொடுக்கும். இரண்டும் கெட்டவைதான். ஆனாலும், கெட்டது கெட்டதோடு பொருந்தி, ஒருவழியாக ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் செயினை மட்டும் மாற்றினால், சரியான அரை அங்குல இடைவெளியுள்ள கண்ணிகள், அகன்று போன பள்ளங்களில் வந்து உட்காரப் பார்க்கும். எல்லாப் பல்லும் பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளாது. ஒன்றிரண்டு பல்தான் முழுப் பாரத்தையும் தாங்கும். வளைந்த பல் என்பதால் உருளை சரிவில் ஏறித் தாவிவிடும். சமதரையில் ஓட்டும்போது இது தெரியாது. இரண்டு கேன் பாலோடு கரை ஏறும்போது தெரியும்.

இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வாங்க வேண்டாம். பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பையில் இருக்கும் 12 அங்குல ஸ்கேல் போதும். சைக்கிள் செயினில் ஒரு பின்னின் நடுவிலிருந்து அடுத்த பின்னின் நடு சரியாக அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். அம்பத்தூரில் செய்த பழைய ஹெர்குலிஸ் என்றாலும், பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் சைக்கிள் என்றாலும், வெளிநாட்டுக் கியர் சைக்கிள் என்றாலும் இந்த அரை அங்குலம் மாறாது. (கியர் சைக்கிள் செயின் அகலத்தில் குறைவு. நம் சைக்கிளின் தடித்த பல்லில் அது உட்காராது. அளவு ஒன்றுதானே என்று வாங்கிவிடக் கூடாது.) ஆகவே 24 மூட்டுகள் சேர்ந்தால் சரியாக 12 அங்குலம் வர வேண்டும்.

பெடலை லேசாக அழுத்தி, செயினின் மேல் ஓட்டத்தை விறைப்பாக்கிக்கொண்டு, ஸ்கேலின் பூஜ்ஜியத்தை ஒரு பின்னின் நடுவில் வைக்க வேண்டும். பிறகு 12 அங்குலக் கோட்டைப் பார்க்க வேண்டும். அந்தக் கோட்டிலேயே ஒரு பின்னின் நடு இருந்தால் செயின் புதிதுபோலத்தான். கோட்டைத் தாண்டி அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது ஒன்றரை மில்லிமீட்டர் போயிருந்தால் செயினை மாற்றும் நேரம் வந்துவிட்டது. இந்த நிலையில் மாற்றினால் பற்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். எட்டில் ஒரு பங்கு, மூன்று மில்லிமீட்டர் வரை போய்விட்டால் செயின் தனியாகப் போகவில்லை, ஃப்ரீவீலையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்றரை மில்லிமீட்டரில் மாற்றினால் செயின் காசு மட்டும். மூன்றில் மாற்றினால் இரண்டின் காசும். தினமும் பாரம் ஏற்றுகிறவர்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேல் வைத்துப் பார்ப்பது நல்லது.

நம்மவர்கள் செய்யும் இன்னொரு வைத்தியம், செயின் தொங்கினால் ஒரு கண்ணியை எடுத்துவிடுவது. தொங்கல் போய்விடும், உண்மைதான். மீதியிருக்கும் கண்ணிகள் ஒவ்வொன்றும் நீண்டபடியே இருக்கும். அந்தச் செயின் பல்லைத் தின்பது நிற்காது. கையில் காசில்லாத மாதத்தில் ஓட்டிக்கொள்ளச் செய்யலாமே தவிர, அதைப் பழுதுபார்த்ததாக நினைத்துக்கொள்ளக் கூடாது.

நிலையூர் வாசகரின் புதுச் செயினை ஸ்கேல் வைத்துப் பார்த்ததில் கோடு சரியாக இருந்தது. ஒரு மாதம்தானே ஓடியிருக்கிறது. அதனால் செயினை வைத்துக்கொண்டு ஃப்ரீவீலை மட்டும் மாற்றினார் பெரியவர். இதற்கு இரண்டு பற்கள் கொண்ட சாவி வேண்டும். வீட்டில் உளியை வைத்துத் தட்டினால் ஃப்ரீவீலின் காடி நொறுங்கும். சில நேரம் சக்கரத்தின் மறையும் போய்விடும். மிதிக்க மிதிக்க இறுகுகிற மறை என்பதால் பல வருடம் ஓடியது லேசில் கழலாது. இந்த ஒரு வேலையைப் பட்டறையில் விடுவதே மிச்சம். புது ஃப்ரீவீலை ஏற்றும்போது மறையில் கொஞ்சம் கிரீஸ் தடவச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். அடுத்தமுறை கழற்றுகிறவர் வாழ்த்துவார்.

பெரியவர் இன்னொன்றையும் கண்டார். செயினை மாட்டும் லாக்கின் கிளிப் தலைகீழாகப் போடப்பட்டிருந்தது. மீன் வடிவத்தில் இருக்கும் அந்தக் கிளிப்பின் மூடிய பக்கம், செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். மேல் ஓட்டத்தில் அது ஹேண்டில்பார் பக்கம். பிளந்த வாய் பின்னால் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் செயின் கவரிலோ, ஒரு சுள்ளியிலோ வாய்ப்பக்கம் இடித்துக் கிளிப் தெறித்துவிடும்.

‘‘பல்லுல வழுக்குனா முழங்கால்தான்ப்பா போகும். ஓடும்போது செயினே அந்து போச்சுன்னா பல்லு போயிரும்’’ என்று சொல்லிக்கொண்டே திருப்பிப் போட்டார்.

கடைசியாகச் செயின் விறைப்பு. நடுவில் விரலால் மேலும் கீழும் தள்ளினால் மொத்தம் அரை அங்குலம் ஆட வேண்டும். செயின் வீல் அச்சு அசலாக வட்டமாக இருப்பதில்லை. பெடலைச் சுற்றச் சுற்ற ஓரிடத்தில் இறுக்கமாகவும் ஓரிடத்தில் தளர்வாகவும் வரும். இறுக்கமான இடத்தில் வைத்துத்தான் அளக்க வேண்டும். பல்லைத் தாவக் கூடாது என்று வீணைத் தந்திபோல இறுக்கி வைத்தால் மிதிக்கக் கனக்கும், பின்சக்கர பால்ஸ் சீக்கிரம் போகும், பல்லும் தேயும். பிறகு சக்கர நட்டு இரண்டையும் இறுக்கி, டயர் சட்டத்துக்கு நடுவில் ஓடுகிறதா என்று பார்த்தார். பால்காரர் இரண்டு கேன்களிலும் தண்ணீர் நிரப்பிக் கட்டிக்கொண்டு, கரை ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்துப் பார்த்தார். வழுக்கவில்லை. முதல்நாளே பாலோடு போய்ச் சோதிக்காமல் தண்ணீரோடு போனது அவருடைய சொந்த யோசனை.

‘‘செயினுக்கு என்ன எண்ணெய் விடுவது? டிராக்டரில் வடித்த கழிவு ஆயில் கேன் கேனாகக் கிடக்கிறது. அதை ஊற்றலாமா? எங்கள் பக்கம் கரிசல் மண், மழைக்குப் பிறகு செயின் ‘கறக் கறக்’கென்று கத்துகிறது.’’

- ஒரு வாசகர், திருமங்கலம்.

கழிவு ஆயில் வேண்டாம். அதில் கரியும், இன்ஜினுக்குள் தேய்ந்த இரும்புத் தூளும் கலந்திருக்கும். எண்ணெய் விட்டதுபோலத் தோன்றும், உள்ளே அரத்தூள் போட்டதுபோல வேலை செய்யும். தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய் விட்டால் சில நாட்களில் பிசுக்கு பிடித்துக் கெட்டியாகிவிடும். கடையில் கிடைக்கும் சாதாரண மெஷின் ஆயில் போதும். அதையும் செயின் முழுக்க ஊற்றக் கூடாது. ஒவ்வொரு உருளையின் மேலும் ஒரு சொட்டு விட்டு, பெடலைப் பின்பக்கமாகப் பத்துச் சுற்றுச் சுற்றி, கொஞ்ச நேரம் கழித்து வெளிப்பக்கத்தை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் வேலை செய்வது உள்ளே, பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில். வெளியே வழிவது புழுதியைத்தான் சேர்க்கும்.

கரிசல் சேறு காயவிட்டால் கண்ணிகளுக்கு நடுவில் கல்லாகிவிடும். ஈரம் காயும் முன்பே தண்ணீர் ஊற்றிக் கழுவி, துணியால் துடைத்து, வெயிலில் உலர்த்தி, அதன்பிறகு எண்ணெய் விட வேண்டும். ஈரத்தின் மேலேயே எண்ணெய் விட்டால் உள்ளே தண்ணீர் சிறைப்பட்டுத் துருப்பிடிக்கும்.

‘‘மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். பள்ளியில் கொடுத்த சைக்கிள் இரண்டு மாதம் மழையில் நின்றுவிட்டது. இப்போது பெடலைச் சுற்றினால் ஓர் இடத்தில் மட்டும் செயின் குதிக்கிறது. பற்கள் புதிதாகத்தான் இருக்கின்றன. செயினை மாற்ற வேண்டுமா?’’

- ஒரு வாசகி, தனக்கன்குளம்.

இப்போதைக்கு வேண்டாம். துருவில் ஒரு மூட்டு மட்டும் மடங்காமல் விறைத்து நிற்கிறது. பெடலைப் பின்பக்கமாக மெதுவாகச் சுற்றிக்கொண்டே, ஃப்ரீவீலை விட்டு வெளியே வரும் கண்ணிகளைப் பார்த்தால், எது நிமிராமல் முழங்கைபோல மடங்கியே வருகிறது என்று தெரியும். அந்த மூட்டில் மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு ஊற வைத்து, மறுநாள் இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் லேசாக அசைத்து அசைத்துக் கொடுத்தால் இளகிவிடும். பிறகு எண்ணெய். இளகாவிட்டால் அந்த ஒரு கண்ணியை மட்டும் பட்டறையில் மாற்றித் தருவார்கள். செயின் முழுக்கத் துரு செதிள் செதிளாக உதிர்ந்தால் மட்டும் புதுச் செயின். இரண்டு மாதமே ஓடாமல் நின்ற சைக்கிள் என்பதால், ஃப்ரீவீல் மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், பல்லைத் துடைத்துக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கலாம்.